பத்தொன்பது வளைவுகளும் ஒரு திருகாணியும்

என் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் தெருவில் எத்தனை மோட்டார் சைக்கிள்கள்? எண்ணியிருக்க மாட்டீர்கள். பதுளையில் நான் இப்போது குடியிருக்கும் இந்தக் குறுக்குத் தெருவில் ஒன்பது. அவற்றில் நான்கில், வரும்போது இருந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, சத்தம் போடும் குழாயைப் பூட்டியிருக்கிறார்கள். காசு கொடுத்துச் சத்தம் வாங்குகிறார்கள். மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டில் ஏறி வரும். என் ஐந்து மாத்திரைகளையும் மேசையில் வரிசையாக வைத்திருக்கும் நேரம் அது. மேசை அதிரும். மாத்திரை உருளும். மறுபடியும் எண்ண வேண்டும்.

பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால் அதிபர் இதற்கெதிராக ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். பதினொரு கையெழுத்து விழுந்திருந்தது. நான் போடவில்லை. "உங்களுக்குக் காது கேட்கிறதில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்கிறது. ஏன் போடவில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயதும் நான்கு மாதமும். லுணுகலைப் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் ஏறினால் எங்கள் தோட்டம். அப்பா அங்கே கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் என்று என் பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். தேயிலை மலைகளில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தருக்கு அதுதான் பெயர். துரைக்குக் கீழே, கங்காணிகளுக்கு மேலே. வீடும் அப்படித்தான், நடுவில். மேலே துரை பங்களா. அங்கே எங்களால் போக முடியாது. கீழே தொழிலாளர் குடியிருக்கும் நான்கு லயங்கள், லயத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, மாலையில் நாற்பத்தெட்டு அடுப்புப் புகை; அங்கே நான் போகக்கூடாது. "லயத்துப் பக்கம் உன்னக் கண்டேன், கால முறிச்சிருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடம் பதுளையில். வீடு வந்து சேர இரண்டே முக்கால். அப்பா வர ஆறு. மூன்றே கால் மணி நேரத்தை ஒரு பிள்ளை என்ன செய்யும்? எண்ணும். கூரைத் தகரம் இருபத்தாறு, துருப்பிடித்தது ஒன்பது. முற்றத்திலிருந்து தெரியும் சவுக்கு மரம் முப்பத்தேழு. லயத்துப் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடும் சத்தம் மேலே வரும். எத்தனை குரல் என்று எண்ணப் பார்ப்பேன், பன்னிரண்டுக்கு மேல் குழம்பிவிடும்.

குழம்பாத சத்தம் ஒன்று இருந்தது. அப்பாவின் மோட்டார் சைக்கிள். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பதினெட்டு வளைவு. இல்லை, பாலத்தடி வளைவை இரண்டாக எண்ண வேண்டும், பத்தொன்பது. ஒவ்வொரு வளைவிலும் சத்தம் வேறு. நாலாவதில் மலைக்குப் பின்னால் போய் அடைத்துக்கொள்ளும். பாலத்தடியில் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் வரும். பதினோராவதில் திடீரென்று முன்னால் வந்து நிற்கும். அப்போது நான் கேத்தலை அடுப்பில் வைப்பேன். பதினைந்தில் கோப்பையைக் கழுவுவேன். பதினெட்டில் கதவைத் திறப்பேன். பத்தொன்பதில் அப்பா. அந்தச் சத்தம் தொடங்கிவிட்டால் நான் தனியாக இல்லை. ஏழு நிமிடம் முன்னதாகவே அப்பா வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி.

அந்த மோட்டார் சைக்கிள் ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போனது. இறக்குமதி அடைத்திருந்த காலம், உதிரிச் சாமான் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்பா அதற்கு ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் பூட்டினார். பனி மூட்டத்துக்கு மஞ்சள் கண்ணாடி விளக்கு. சேறு தெறிக்காமல் இருக்க, தொழிற்சாலைத் தகரவேலைக்காரர் வளைத்துக் கொடுத்த முழங்கால் மறைப்பு. உடைந்த பஸ்ஸிலிருந்து வந்த ரப்பர் ஊதல். தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்து பச்சை அடித்த ஒரு பெட்டி, ஆட்களின் நாட்கணக்கு எழுதும் செக்றோல் புத்தகம் வைக்க. அகலமான கைபிடி. இரண்டு கண்ணாடி. ரெக்சின் இருக்கை. எல்லாமாகப் பதின்மூன்று. பதின்மூன்றாவது எனக்காக: பின்னால் உட்கார்ந்தால் என் கால் மிதியை எட்டாது என்று, பதுளைப் பட்டறையில் என் காலுக்கு நூல் பிடித்து அளந்து, நாலரை அங்குலம் மேலே இரண்டு சின்ன மிதிகளை ஒட்டவைத்தார். அப்பாவைப் பற்றி நான் இனி எழுதப்போவதைப் படிக்கும்போது இந்த மிதிகளையும் மறக்காதீர்கள். நான் மறந்திருந்தேன், வெகுகாலம்.

என்னோடு பேச ஒரேயொருவர் இருந்தார். விறகு அண்ணன். லயத்திலிருந்து எங்கள் வீட்டு வேலைக்கென்று பெயர் போட்டிருந்தவர். இருபத்துமூன்று வயது, கலியாணமாகி, ஆறு மாதக் கைக்குழந்தை இருந்தது. விடியற்காலை வந்து மோட்டார் சைக்கிளைத் துடைத்து, சோறாக்கிவிட்டு மலைக்கு வேலைக்குப் போவார். நாலு மணிக்குத் திரும்பி வந்து விறகு பிளப்பார். ஞாயிறு காலையில் வண்டியைக் கழுவுவார். அப்பா முன்னால் என்னைச் "சின்னய்யா" என்பார். அப்பா இல்லாதபோது "தம்பி". அந்தத் தம்பிக்காகவே நாலு மணி ஆவதைப் பார்த்திருப்பேன். "பேரச் சொல்லிக் கூப்புடு, அண்ணன் என்னடா அண்ணன்" என்று அப்பா ஒருமுறை அதட்டினார். அதிலிருந்து அப்பா இருக்கும்போது நான் அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை.

மலைகளில் நடப்பதை அவர்தான் எனக்குச் சொல்வார். அப்பாவின் வண்டிச் சத்தத்தை எண்ணுகிறவன் நான் மட்டும் இல்லை என்பதும் அப்படித்தான் தெரிந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

"சத்தம் பாலத்தடியில கேட்டா போதும் தம்பி. நெரையில ஒருத்தி, 'மழை வருதுடி'ன்னு சொல்வா. வெத்தல போட ஒக்காந்ததெல்லாம் எந்திரிச்சுரும். ஐயா வந்து பாக்குறப்ப பத்து வெரலும் பறந்துக்கிட்டு இருக்கும்."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"வெயில் அடிக்கிறப்ப மழை வருதுன்னு கத்துறாளுங்க. தெரியாமலா இருக்கும்?"

தெரிந்திருக்கலாம். துரைக்குத் தெரிந்ததுதான் வினையாயிற்று. ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் துரை தன் தமிழில் சொன்னாராம்: "கண்டக்டர், ஒன் பைக் மூணு மலைக்கு முன்னாடி கத்துது. ஆள் எல்லாம் சும்மா ஒக்காருது. பெரிய கண்டக்டர் வேல யாருக்குக் குடுக்க? ஒனக்கா, ஒன் பைக்குக்கா?"

பெரட்டே சிரித்திருக்கிறது. அப்பா அன்று மாலை தேநீரைக் குடிக்கவில்லை. வந்த ஞாயிறு என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போனார்.

பட்டறை நானாவின் கடை, முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம், கடைவீதிக்குப் பின்னால் இருந்தது. எண்ணெய், எரிந்த ரப்பர், அவர் மெல்லும் ஏலக்காய், மூன்று வாசனை. அப்பாவைக் கண்டதும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்ன ஐயா, இதுல இன்னம் பூட்ட எடம் ஈக்குதா? இதுக்கு மேல பூட்டினா பைக்கு ஒங்களை ஓட்டும்."

"சத்தம் கொறையணும் நானா."

"சத்தமா?" நானா மெல்லுவதை நிறுத்தினார். "இங்க வார எல்லாரும் சத்தத்தக் கூட்டித் தாங்கண்டுதான் கேக்குறான். கொறைக்க வந்த மொத ஆள் நீங்கதான்."

உள்ளே போய்ச் சாக்குத் துணியில் சுற்றிய நீளக் குழாயொன்றைக் கொண்டுவந்தார். கொழும்பில் யாரோ ஒருவருடைய வண்டிக்கென்று வந்து, அவர் எடுக்காமல் விட்டதாம். பின்வாயிலிருந்து ஒரு பித்தளைத் திருகாணியைக் கழற்றி, உள்ளிருந்து இன்னொரு சின்னக் குழாயை உருவிக் காட்டினார். உடம்பெல்லாம் ஓட்டை, அதைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு.

"சத்தத்தத் திங்கிறது இதுதான். இது உள்ளுக்கு ஈக்குற வரைக்கும் பூனை மாதிரிப் போகும்."

நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க மகன். கண்ணாடிப் பஞ்சு. பட்டா மூணு நாளைக்குக் கை அரிக்கும். ஐயா, நீங்களும் பாத்து."

பதினாலாவது சாமான் பூட்டப்பட்டது. திரும்பி வரும்போது எனக்கு முதன்முதலாகப் பாதையின் சத்தங்கள் கேட்டன. ஓடைத் தண்ணீர், யாரோ துணி துவைப்பது, சவுக்கு இலைக் காற்று. அவற்றோடு அப்பாவின் குரலும். வண்டி ஓட்டும்போது அப்பா தனக்குத்தானே பேசிக்கொள்வார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. காதைச் சட்டையோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். "மூணாம் நம்பர் மலை நாப்பத்திரெண்டு... அஞ்சாம் நம்பர் முப்பத்தெட்டு... கவ்வாத்து பதினாறு..." கொழுந்துக்கும், செடி வெட்டும் கவ்வாத்துக்கும் நாளைக்குப் போகும் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். இந்த வியாதி எங்கிருந்து எனக்கு வந்தது என்று என் மனைவி கேட்பாள். அங்கிருந்துதான்.

மறுநாள் மாலை கேத்தலை எப்போது வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்தரைக்கே கதவடியில் நின்றேன். சத்தம் இல்லை. சலித்துப் போய் உள்ளே வந்து, காலி விறகுப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடை விளையாடினேன். கடைக்காரர் நானே, வாங்க வருபவரும் நானே. வாங்க வருபவர் அம்மா. அம்மாவின் குரலில், "ஒரு கொத்து அரிசி குடுங்க, நல்லதாப் பாத்து" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் அப்பா நின்றார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"யாரு கூடடா பேசுற?"

"ஒருத்தரும் இல்லப்பா."

அப்பா தொப்பியை ஆணியில் மாட்டினார். அவ்வளவுதான். ஆனால் அதன்பிறகு நான் விளையாடவில்லை. அப்பா எந்த நேரமும் வந்து நிற்கலாம். அப்பா வராத நேரமும் வந்து நின்ற மாதிரியே இருந்தது. ஆனால் வரவும் இல்லை. நண்பர்களே, இதை எப்படிச் சொல்வது? முன்பு மூன்றே கால் மணி நேரம்தான் தனிமை. இப்போது அது எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போயிற்று.

மலைகளிலும் அப்படியே. முதல் வாரத்தில் பதினொரு பேருக்கு அரைப்பேர் விழுந்தது. நாள் முழுக்க நின்றாலும் பாதி நாள் கூலிதான் என்று செக்றோலில் எழுதிவிடுவதற்கு அந்தப் பெயர். இரண்டாம் வாரம் அந்தப் பட்டியலில் விறகு அண்ணனின் மனைவி. தாய்மார் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவுக்குப் பால் கொடுக்கப் போனவர், திரும்பிவர நேரமாகி, குறுக்கு வழியில் ஓடி வந்திருக்கிறார். வளைவில் ஓசையில்லாமல் அப்பா.

அடுத்த ஞாயிறு வண்டியைக் கழுவும்போது அண்ணன் சக்கரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார். நான்தான் தொடங்கினேன்.

"இப்ப மழை வருதுன்னு சொல்றது இல்லையாண்ணே?"

"எங்க தம்பி? இப்பல்லாம் மேகமே இல்லாமக் கொட்டுது. நனைஞ்ச பொறகுதான் மழைன்னு தெரியுது." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"இதுக்கு மறுபடி சத்தம் வர வைக்க முடியாதாண்ணே?"

துணியைப் பிழிந்தபடி சைலன்சரின் பின்வாயைக் காட்டினார். "ஒரேயொரு இஸ்குரூப்பாணிதான். ஆனா அது ஐயாவோட சாமான் தம்பி. தொடைக்கிறதோட நம்ம வேல முடிஞ்சிருச்சு."

அதற்கும் அடுத்த ஞாயிறு. சத்தமில்லாத இருபத்தோராவது நாள். அப்பா மத்தியானச் சோறு தின்று படுத்துவிட்டார். தகரக் கொட்டகைக்குள் போனேன். அப்பாவின் கருவிச் சுருளில் திருப்புளி மூன்று இருந்தன, நடுவிலிருந்ததை எடுத்தேன். முதல் தடவை சறுக்கித் திருகாணியின் தலையில் ஒரு கீறல் விழுந்தது. இரண்டாம் தடவை பிடித்தது. ஒன்பது சுற்று. குழாயை இரண்டு கையாலும் உருவினேன். கரியும் பஞ்சுமாக வந்தது. வீட்டுக்குப் பின்னால் தேயிலைக்குள் மழைத்தண்ணீர் வடிந்து ஓடும் ஆழமான கானில் அதைப் போட்டு, சருகு தள்ளி மூடினேன். திருகாணியை மட்டும் போட மனம் வரவில்லை. என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் முப்பது பொருட்கள்: கோலிகள், முத்திரைகள், அம்மாவின் ஒற்றைக் கொண்டை ஊசி, இப்படி. தினமும் மாலை அவற்றை எண்ணுவேன். திருகாணி முப்பத்தோராவது. சவர்க்காரம் போட்டு நான்கு தடவை கை கழுவினேன்.

திங்கட்கிழமை காலை அப்பா உதைத்ததும் வண்டி அலறியது. முன்பு இருந்ததைவிடப் பெரிய சத்தம். அப்பா இறங்கிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பெரட்டுக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே போனார். அன்று ஒவ்வொரு மலையிலும் மழை வந்திருக்கிறது. ஒரு மலையில் பெண்கள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்களாம். துரை பங்களாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது.

மாலையில் நான் வாசலில் நின்றேன். நாலாவது. பாலத்தடி. பதினோராவதில் கேத்தல். பதினைந்தில் கோப்பை. வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த ஏழு நிமிடங்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன். கலியாண நாளைச் சொல்லாததற்கு மனைவி மன்னிக்கட்டும்.

அப்பா தேநீரைத் தொடவில்லை. குந்தியிருந்து, குழாயின் பின்வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். லயத்துக்கு ஆளனுப்பினார். அண்ணன் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார்.

"இதுக்குள்ள இருந்த கொழாய் எங்க?"

"எந்தக் கொழாய்ங்கய்யா?"

"தெனம் தொடைக்கிறவன் நீ. இன்னிக்கு விடியக்காலமும் நீதான் தொடச்ச. எந்தக் கொழாய்னு என்னக் கேக்குற?"

"தொடைப்பேன்ங்க. கழட்ட மாட்டேன்ங்க."

"ஒம் பொண்டாட்டிக்கு அரைப்பேர் போட்டேன். அந்தக் கோவம்."

"கோவம் இருந்துச்சுங்கய்யா. இல்லேன்னு சொல்லல. ஆனா கோவத்துக்கு இஸ்குரூப்பாணி கழட்டுறவன் நான் இல்லங்க. கேக்கணும்னா நேரா வந்து ஐயாகிட்டயே கேட்டிருப்பேன்."

நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். இரண்டு கைகளும் எரிந்தன. ஒன்றை ஒன்றால் சொறிந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. அண்ணன் ஒரு தடவை நிமிர்ந்தார். என் கைகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அப்பா கேட்ட எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கைகள் சிவந்து தடித்திருந்தன. விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மசுக்குட்டி பட்டுச்சா?"

தேயிலைச் செடியில் மயிர்ப் புழு இருக்கும், பட்டால் அரிக்கும். எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் படுவதுதான்.

"ஆமாப்பா."

கற்பூரம் போட்டுச் சூடாக்கிய தேங்காயெண்ணெயை அப்பா தேய்த்துவிட்டார். அம்மா போனபின் அப்பா என்னை அவ்வளவு நேரம் தொட்டது அன்றுதான். நான் அழுதேன். எரிச்சல் என்று அப்பா நினைத்தார். அல்லது அப்படி நினைத்ததாகக் காட்டினார். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். சொன்னால் எண்ணெய் தேய்ப்பது நின்றுவிடும் என்று இருந்தது.

வியாழக்கிழமை உத்தரவு வந்தது. விறகு அண்ணன் குடும்பத்தோடு மேற்கணக்குக்கு, தோட்டத்தின் உச்சிப் பிரிவுக்கு, மாற்றம். காற்றும் அட்டையும் உள்ள இடம். கைக்குழந்தைக்காரர் ஒருவரும் விரும்பிப் போவதில்லை. துரை பெயர் கேட்டிருக்கிறார், அப்பா ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறார். லயத்துக்காரன்தான் செய்திருப்பான் என்பதில் துரைக்கோ, கிளாக்கருக்கோ, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண்டக்டர் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீளும் என்று யார் நினைப்பார்கள்?

அந்த ஞாயிறே பட்டறை நானா வேறொரு ஓட்டைக் குழாய் செய்து பூட்டிவிட்டார். திருகாணி இரண்டு போட்டு. வண்டி மறுபடி பூனையாயிற்று. ஆக, நான் என்ன மிச்சம் பிடித்தேன் என்று எண்ணிப் பாருங்கள். சத்தமும் போயிற்று. நாலு மணிக்கு வந்து தம்பி என்று கூப்பிடுகிற ஒரேயொருவரும் போனார். புதிதாகப் பெயர் போட்டு வந்தவர் ஐம்பது வயதுக்காரர், காது மந்தம். விறகை நன்றாகப் பிளப்பார்.

நாலு மாதம் கழித்து, பள்ளி விட்டுப் பதுளை பஸ் நிலையத்தில் நின்றபோது விறகு அண்ணன் குடும்பத்தைக் கண்டேன். ஒரு தகரப் பெட்டி, ஆறு மூட்டை, ஒரு கோழிக்கூடை. மேற்கணக்கில் இருக்க முடியாமல், அரசாங்க ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுத்திருந்தார்கள். கடிதாசு சீக்கிரமே வந்துவிட்டது. ரயிலுக்குப் போகிறார்கள், தலைமன்னார், அங்கிருந்து கப்பல். குழந்தையின் தலையில் கம்பளித் தொப்பி. அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"என்னா தம்பி, பஸ் வரலியா?"

அத்தனை பேர் நடுவில் தம்பி என்றார்.

"அண்ணே, அந்தக் கொழாய..."

"அது கெடக்கட்டும்." குனிந்து என் வலது கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அரிப்பு நின்னுருச்சா?"

நான் தலையாட்டினேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது அவர் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார், விரலை நீட்டி நீட்டி.

அன்று மாலைதான் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். வண்டி அலறிய அந்தத் திங்கட்கிழமை முதல் நாலு மாதமாக நான் அதைத் தொடவில்லை; அந்தத் திருகாணியைப் பார்க்கப் பயம். தினமும் எண்ணியவன் அந்த நாலு மாதம் மட்டும் எண்ணவில்லை. கொட்டி எண்ணினேன். முப்பது. மறுபடி எண்ணினேன். முப்பதுதான். அறை முழுவதும் தேடினேன். எலி இழுத்திருக்கும், நானே எங்கோ போட்டிருப்பேன் என்று பிறகு சமாதானம் செய்துகொண்டேன். மழைக்காலம் முடிந்ததும் கானையும் கிளறிப் பார்த்தேன். குழாயும் இல்லை, தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

அப்பாவுக்குப் பெரிய கண்டக்டர் வேலை கிடைத்தது. ஓய்வுபெற்று, இதே பதுளை வீட்டில் என்னோடு இருந்து, எழுபத்தாறாவது வயதில் போனார். அந்தக் குழாயைப் பற்றியோ, அந்த அண்ணனைப் பற்றியோ ஒரு நாளும் பேசவில்லை. நானும் பேசவில்லை. காரியங்கள் முடிந்து அவருடைய சவரப் பெட்டியைத் திறந்தேன். கத்தி, தூரிகை, படிகாரம், சின்னக் கண்ணாடி, கத்தரி, சீப்பு, பழைய பிளேடுகள் இருந்த காகிதம். ஏழு. அடியில், செக்றோல் தாளின் கிழிசலில் மடித்து, எட்டாவது. பித்தளை. தலையில் என் திருப்புளி சறுக்கிய கீறல்.

அதைத்தான் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அப்பா என் டின்னை எந்த நாளில் திறந்தார்? நாலு மாதத்தில் நூற்றிருபது நாள். அவர்கள் மேற்கணக்குக்கு ஏறிய பிறகு திறந்திருந்தால், அது ஒரு தகப்பனின் வெட்கம்; சொல்ல முடியாமல் பெட்டிக்குள் மடித்து வைத்த வெட்கம். அந்தத் திங்களோ செவ்வாயோ திறந்திருந்தால், பெயர் கேட்ட துரையிடம், தெரிந்தே, மகனுக்குப் பதிலாக இன்னொருவன் பெயரைக் கொடுத்திருக்கிறார். பட்டறை நானா பஞ்சைப் பற்றிச் சொன்னபோது அவரும் பக்கத்தில்தானே நின்றார். மசுக்குட்டி என்ற பதிலை எனக்கு எடுத்துக் கொடுத்தவரும் அவர்தானே. வருடத்தில் பாதி நாள் ஒன்றையும், பாதி நாள் மற்றதையும் நம்புகிறேன். நான் டின்னைத் தினமும் எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆறே முக்கால் ஆகிறது. அந்த நான்கு வண்டிகளில் முதலாவது மேட்டில் ஏறுகிறது. ஓட்டி வருபவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். எங்கள் தெருவுக்கு மூன்று வளைவுதான். முதல் வளைவிலேயே அந்தப் பிள்ளை கேட் வாசலுக்கு ஓடி வந்துவிட்டது. தபால் அதிபரின் மனு இன்னும் என் மேசையில் இருக்கிறது. மாத்திரைகள் அதன்மேல் உருள்கின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா விரல் விரலாக எண்ணெய் தேய்த்தார். பத்து விரலுக்கும். அதை எண்ணியிருக்கிறேன்.